கூர்மையான படம் வேண்டுமா, நம்பக்கூடிய எண் வேண்டுமா? ட்ரோபோமி தரவில் காற்று மாசை அளக்க முழுமையான வழிகாட்டி

ட்ரோபோமி என்பது செயற்கைக்கோளிலிருந்து காற்று மாசை அளக்கும் கருவி. கூகுளின் செயற்கைக்கோள் தரவுத் தளமான எர்த் எஞ்சினில் அதன் நைட்ரஜன் டையாக்சைடு அடுக்கைத் திறந்தால் பிக்சல் அளவு 1113 மீட்டர் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்ததும், நம் பேட்டைக்கும் பக்கத்துப் பேட்டைக்கும் உள்ள மாசு வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் அந்தக் கருவி தனக்கு நேர் கீழே பார்க்கும்போதே ஒரு பிக்சல் 5.5 கிலோமீட்டர் நீளம், 3.5 கிலோமீட்டர் அகலம். 1113 மீட்டர் என்பது தரவை 0.01 டிகிரி கட்டங்களாக நறுக்கி வைத்ததால் வந்த எண். ஒரே அளவீட்டைப் பதினைந்து பதினாறு துண்டாக வெட்டி, எல்லாத் துண்டிலும் ஏறக்குறைய அதே மதிப்பை எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வெட்டியதால் புதிய தகவல் எதுவும் வந்துவிடவில்லை.

வளிமண்டலத்தைத் தூரத்திலிருந்து அளக்கிற எந்த வேலையிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. பிரிதிறனைக் கூட்டினால், அதாவது படத்தைக் கூர்மையாக்கினால், எண்ணின் நம்பகம் குறைகிறது, நம்பகத்தைக் கூட்டப் போனால் படம் மங்குகிறது. எங்கே நிறுத்துவது என்று படிப்படியாக எப்படி முடிவு செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். உதாரணத்துக்கு ரியாத் நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். சுற்றிலும் பாலைவனம், பக்கத்தில் வேறு பெரிய நகரம் இல்லை, வானம் பெரும்பாலும் தெளிவு. கற்றுக்கொள்ள இதைவிட வசதியான இடம் கிடைப்பது கடினம்.

முதலில் பிழைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"துல்லியம்" என்று ஒரே சொல்லில் நாம் சொல்லிவிடுவதில் இரண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. மளிகைக்கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றில் முள் ஆடிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறை நிறுக்கும்போதும் வேறு எடை வரும், பத்து முறை நிறுத்துச் சராசரி எடுத்தால் சரியாகிவிடும். தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்தால்? ஆயிரம் முறை நிறுத்தாலும் அதே தப்பு எடைதான். முதலாவதைச் சிதறல் பிழை என்றும் இரண்டாவதைச் சாய்வுப் பிழை என்றும் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்கிறேன்.

ட்ரோபோமி திட்டத்துக்கு வகுத்த இலக்கிலேயே இந்த இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. ட்ரோபோஸ்பியரில், அதாவது வளிமண்டலத்தின் கீழடுக்கில், உள்ள நைட்ரஜன் டையாக்சைடை நிலத்துக்கு மேலே நிற்கும் காற்றுத் தூணில் மொத்தம் எவ்வளவு என்று எண்ணுகிறார்கள். அதில் ஒரு பிக்சலின் சிதறல் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.7 × 10¹⁵ மூலக்கூறுகள், அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 12 மைக்ரோமோல். சாய்வு 25 முதல் 50 சதவீதம் வரை. இந்த இரண்டாவது எண்ணை இன்னொரு முறை படியுங்கள். நாட்களைக் கூட்டிக்கொண்டே போனால் முதல் எண் கரையும், இரண்டாவது அசையாது.

சிதறல் எதனால் வருகிறது என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பிரிதிறனுக்கு நாம் விலை கொடுப்பது அங்கேதான். தூறல் போடும்போது முற்றத்தில் ஒரு அண்டாவையும் ஒரு கொட்டாங்குச்சியையும் வையுங்கள். நிமிடத்துக்கு எத்தனை துளி என்று எண்ணினால் அண்டாவில் கணக்கு நிலையாக இருக்கும், கொட்டாங்குச்சியில் ஒரு நிமிடம் நான்கு, அடுத்த நிமிடம் ஒன்பது என்று குதிக்கும். ஒளித்துகள்களும் அப்படித்தான். பிக்சலின் பரப்பை நான்கில் ஒன்றாக்கினால் வரும் ஒளியும் நான்கில் ஒன்று, இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் பாதியாகிறது. அந்த ஒளியை அலைநீளவாரியாக மெல்லிய துண்டுகளாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டுக்கும் கிடைப்பது இன்னும் குறைவு. ஆனால் அப்படிப் பிரித்தால்தான் நைட்ரஜன் டையாக்சைடு நீல ஒளியில் எந்த இடங்களில் விழுங்குகிறது என்ற கைரேகை தெரியும்.

ட்ரோபோமிக்கு முன்னோடியாக 1995-இல் விண்ணுக்குப் போன கோம் கருவியின் பிக்சல் 320 × 40 கிலோமீட்டர். 2004-இல் போன ஓமி 13 × 24. ட்ரோபோமி 2017 அக்டோபர் 13-இல் ஏவப்பட்டு 7 × 3.5 கிலோமீட்டரில் ஆரம்பித்தது, 2019 ஆகஸ்ட் 6 முதல் 5.5 × 3.5 ஆக்கினார்கள். கருவிகள் நன்றாகிக்கொண்டே வருவதால் சிறிய பிக்சலும் சகிக்கக்கூடிய இரைச்சலும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆனால் எந்த ஒரு கருவியை எடுத்தாலும் அதற்குள் பேரம் அப்படியே இருக்கிறது.

படி 1: கேள்வியை எழுதுங்கள், அதற்கு எவ்வளவு கூர்மை போதும் என்று கணக்குப் போடுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. ரியாத் நகரம் மணிக்கு எவ்வளவு நைட்ரஜன் ஆக்சைடுகளை (நைட்ரஜன் டையாக்சைடும் அதன் கூட்டாளி நைட்ரிக் ஆக்சைடும்) வெளியிடுகிறது, அவை காற்றில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கின்றன என்பது நம் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். ஓமி தரவை வைத்து இதை முன்பே செய்திருக்கிறார்கள். ரியாத்தில் பகல்நேர ஆயுள் சுமார் 4 மணி நேரம் என்று வந்தது. காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசினால் 4 மணி நேரத்தில் புகை 72 கிலோமீட்டர் போய்விடும். நாம் அளக்க வேண்டிய வால் 72 கிலோமீட்டர் நீளம்! அதை அளக்க 1 கிலோமீட்டர் கட்டம் எதற்கு? 5 கிலோமீட்டர், ஏன் 8 கிலோமீட்டர் கட்டமே தாராளம்.

கேள்வி வேறாக இருந்தால் கணக்கும் வேறு. நகரத்தைச் சுற்றியுள்ள மின்நிலையங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் ட்ரோபோமி தரும் கூர்மையை முழுக்கப் பிழிந்தாக வேண்டும், அதற்குப் பல மாதத் தரவு வேண்டும். நேற்று ஒரு ஆலையில் தீப்பிடித்ததா என்பது கேள்வி என்றால் சராசரிக்கே இடமில்லை, ஒரே ஒரு பார்வையின் இரைச்சலோடுதான் வாழ வேண்டும். ஒரு தெருவில் எவ்வளவு மாசு என்பது கேள்வி என்றால் இந்தத் தரவை மூடிவைத்துவிட்டு நிலத்திலுள்ள கருவியைத் தேடிப் போங்கள்.

இன்னொன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ட்ரோபோமி ஒரு இடத்தைப் பார்ப்பது உள்ளூர் நேரம் பிற்பகல் ஒன்றரை மணி சுமாருக்கு. காலை நெரிசல் அதற்குத் தெரியாது. நிலப்பரப்பில் எவ்வளவு கூர்மை வாங்கினாலும் இந்த நேர இடைவெளி நிரம்பாது.

படி 2: லெவல் 2 தரவை எடுங்கள், வடிகட்டுங்கள்

எர்த் எஞ்சின் அடுக்கு வேடிக்கை பார்க்க நல்லது. கணக்குக்கு ஐரோப்பாவின் தரவுத் தளமான கோப்பர்நிக்கஸ் டேட்டா ஸ்பேஸிலிருந்து லெவல் 2 கோப்புகளை, அதாவது கட்டத்தில் போடாமல் பிக்சல் பிக்சலாக உள்ள தரவை, இறக்குங்கள். பிக்சலின் நான்கு மூலைகள், ஒவ்வொரு பிக்சலின் பிழை மதிப்பீடு, ஆவரேஜிங் கெர்னல் (எந்த உயரத்திலுள்ள வாயு கருவிக்கு எவ்வளவு தெரிகிறது என்ற பட்டியல்) எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பின்னால் இவை இல்லாமல் ஒன்றும் நகராது.

அவசரமாகக் கணக்கிட்டு வெளியிடும் உடனடித் தரவு வேண்டாம், நிதானமாகக் கணக்கிட்ட ஆஃப்லைன் தரவையோ, பழையதையும் ஒரே பதிப்பில் திரும்பக் கணக்கிட்டு மறுசெயலாக்கம் செய்த தரவையோ எடுங்கள். பல வருடங்களை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் மறுசெயலாக்கம் செய்தது கட்டாயம். 2020 இறுதியில் மேக உயரத்தைக் கணக்கிடும் முறையை மாற்றினார்கள், மாசு மிகுந்த இடங்களில் மதிப்புகள் கணிசமாக ஏறிவிட்டன. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒட்டிவைத்து வரைந்தால், ஊரில் ஒன்றும் நடக்காமலேயே அந்தக் குளிர்காலத்தில் மாசு எகிறியதாகப் படம் காட்டும்.

க்யூஏ வேல்யூ என்று ஒரு எண் ஒவ்வொரு பிக்சலோடும் வரும். 0.75-க்கு மேல் உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மேகமான காட்சிகள் பெரும்பாலும் விலகிவிடும். நிறையப் பிக்சல் வேண்டும் என்ற ஆசையில் இதை 0.5-க்கு இறக்குகிறவர்கள் உண்டு. அந்த மதிப்பு, வளிமண்டலக் கணினி மாடலோடு கெர்னலைப் பயன்படுத்தி ஒப்பிடுகிறவர்களுக்கானது. நகர வரைபடம் போடுகிறவர் இறக்கினால் மேகம் மறைத்த பகுதியை முன்னனுமானத்தால் (மாடல் முன்கூட்டியே ஊகித்த மதிப்பால்) நிரப்பிய பிக்சல்கள் உள்ளே வரும். சிதறலைக் குறைக்கப் போய்ச் சாய்வைச் சேர்த்துக்கொண்டதாக ஆகிவிடும்.

வடிகட்டலுக்கும் ஒரு விலை இருக்கிறது. தெளிவான நாட்களை மட்டும் எடுத்தால் உங்கள் சராசரி தெளிவான நாட்களின் சராசரிதான். ரியாத்தில் இது பெரிய தொல்லை இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்துச் சென்னையில் ஒரு மாதத்துக்குக் கையில் மிஞ்சுவது சில நாட்களாக இருக்கலாம், அதை "நவம்பர் சராசரி" என்று எழுதுவது நியாயமில்லை.

அப்புறம் ஓரப் பிக்சல்கள். ட்ரோபோமி ஒரே வீச்சில் 2600 கிலோமீட்டர் அகலம் பார்க்கிறது. நடுவில் 3.5 கிலோமீட்டர் அகலமுள்ள பிக்சல் ஓரத்தில் 14 கிலோமீட்டர் வரை விரிந்துவிடும். மின்நிலையங்களைப் பிரிக்கிற வேலை என்றால் ஓரங்களைத் தூக்கிப் போடுங்கள். நகர மொத்தம்தான் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம், எண்ணிக்கை கூடினால் சிதறல் குறையும். படி 1-இல் எழுதிய கேள்விதான் இதையும் தீர்மானிக்கிறது.

படி 3: கட்டத்தின் அளவையும் நாட்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

ஒரு நாள் பார்வையை எவ்வளவு நுணுக்கமாக நறுக்கினாலும் பயனில்லை என்று மேலே சொன்னேன். பல நாள் பார்வைகளை அடுக்கினால் கதை மாறும். செயற்கைக்கோள் தினமும் அதே தடத்தில் போவதில்லை, பிக்சல்கள் ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில் விழுகின்றன. இன்றைய பிக்சலின் ஓரம் நாளைய பிக்சலின் நடுவில் வரும். நூறு நாள் அடுக்கும்போது, ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதிகள் வழியாக, பிக்சலைவிடக் கொஞ்சம் நுண்மையான விவரம் உண்மையிலேயே வெளிப்படும். இதை ஓவர்சாம்ப்ளிங் என்கிறார்கள். நேரத்தைக் கொடுத்து இடக்கூர்மையை வாங்குகிற வழி இது. செய்ய ஹார்ப் என்ற இலவசக் கருவிப்பெட்டி இருக்கிறது, பிக்சலின் மூலைகளை வைத்துப் பரப்பு எடையோடு கட்டத்தில் போட்டுத் தரும்.

கணக்கு எளிது. சிதறல் 12 மைக்ரோமோல் என்றால் ஒரு கட்டத்தில் 9 பார்வைகள் சேர்ந்தால் 4, 36 சேர்ந்தால் 2, 144 சேர்ந்தால் 1. பார்வைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கிறீர்கள். நீங்கள் தேடும் வித்தியாசம் 5 மைக்ரோமோல் என்றால் ஒன்பது பார்வையை நம்பி ஒன்றும் சொல்லக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பத்து நாள் தரவை 2 கிலோமீட்டர் கட்டத்தில் போட்டு, ஒரு நகரத்தின் கிழக்கே இரண்டு சிவப்புப் புள்ளிகளைக் கண்டுபிடித்து, அங்கே என்ன ஆலை இருக்கிறது என்று இரண்டு நாள் வரைபடத்தில் தேடினேன், கூட வேலை செய்தவர்களுக்கும் அனுப்பிவிட்டேன். ஆறு மாதத் தரவு சேர்ந்ததும் ஒரு புள்ளி காணாமல் போனது. இன்னொன்று நகர்ந்து நகரத்தோடு கலந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வரைபடத்தோடும் இன்னொரு வரைபடம் போடுவேன்: கட்டத்துக்கு எத்தனை பார்வை விழுந்தது என்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பார்வை குறைந்த இடத்தில்தான் விசித்திரமான சிவப்புகள் முளைத்திருப்பது பல முறை கண்ணுக்குத் தெரியும்.

தரவை ஒற்றைப்படை நாள், இரட்டைப்படை நாள் என்று இரண்டாகப் பிரித்து இரண்டு படம் போடுவது இன்னொரு நல்ல சோதனை. இரண்டிலும் வருவதை மட்டும் நம்புங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் கட்டத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது நாட்களைக் கூட்டுங்கள்.

எவ்வளவு நாள் வரை கூட்டலாம்? இங்கேதான் சிக்கல். இரைச்சல் மட்டும் ஆடுவதில்லை, காற்றும் பருவமும் ஆடுகின்றன. குளிர்காலத்தில் வெயில் குறைவு, நைட்ரஜன் டையாக்சைடு அதிக நேரம் நிற்கும். ஜனவரியையும் ஜூலையையும் கலந்தால் சிதறல் குறையும், ஆனால் கிடைக்கும் எண் எந்தப் பருவத்தையும் குறிக்காது. நான் பொதுவாகப் பருவ எல்லையைத் தாண்டாமல் பல வருடங்களின் அதே மாதங்களைச் சேர்ப்பேன். 2020 மார்ச் 25-இல் இந்தியாவில் ஊரடங்கு தொடங்கியபோது பலர் பிப்ரவரியையும் ஏப்ரலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். குறைவு நிஜம்தான். ஆனால் அதில் பருவத்தின் பங்கும் கலந்திருக்கிறது. 2019 ஏப்ரலோடு ஒப்பிடுவது அதைவிட நேர்மை.

படி 4: காற்றின் திசையைப் பயன்படுத்துங்கள்

சாதாரணச் சராசரியில் ஒரு நாள் வடக்கே போன புகையும் மறுநாள் தெற்கே போன புகையும் கலந்து வட்டமான மங்கல் ஆகிவிடும். கருவி நமக்குக் கொடுத்த கூர்மையை நாமே அழிக்கிறோம். கடந்த நாட்களின் வானிலையைக் கணினியில் மறுபடி கட்டித் தரும் எரா5 மறுபகுப்பாய்விலிருந்து ஒவ்வொரு நாளின் காற்றுத் திசையையும் எடுத்து, நகர மையத்தை அச்சாக வைத்து எல்லாப் படங்களையும் ஒரே திசைக்குத் திருப்பி அடுக்குங்கள். வால் ஒரே பக்கம் நீண்டு பளிச்சென்று தெரியும். சராசரியும் கிடைத்தது, கூர்மையும் போகவில்லை. இந்த வேலையில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் லாபம் வேறு இல்லை. நொடிக்கு 2 மீட்டருக்குக் கீழே காற்று வீசிய நாட்களை விட்டுவிடுங்கள், அன்று திசையை நம்ப முடியாது.

மின்நிலையங்களைப் பிரிக்க வேறு முறை இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் தூண் அளவைக் காற்றின் வேகத்தால் பெருக்கி, அது பக்கத்துக் கட்டத்துக்குப் போகும்போது எவ்வளவு மாறுகிறது என்று வகைக்கெழு எடுப்பது. ட்ரோபோமி தரவில் ரியாத்தைச் சுற்றியுள்ள மின்நிலையங்கள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்தது இப்படித்தான். அழகான முறை, ஆனால் வகைக்கெழு இரைச்சலைப் பெருக்கும். இரண்டு அளவுகளைக் கழித்துத் தூரத்தால் வகுக்கிறோம், கட்டத்தை 10 கிலோமீட்டரிலிருந்து 5-க்குச் சுருக்கினால் வகுக்கும் எண் பாதியாகிறது, அதே சிதறல் இரட்டிப்பாகத் தெரிகிறது. ஆகவே இதற்கு நாட்கள் அதிகம் வேண்டும்.

படி 5: புளியைத் தேடுங்கள்

இதுவரை செய்ததெல்லாம் சிதறலுக்கு. இனி சாய்வு.

கருவி நேரடியாக அளப்பது சாய்ந்து வந்த ஒளிப்பாதையில் இருந்த மொத்த நைட்ரஜன் டையாக்சைடை. அதை நெட்டுக்குத்தான தூண் அளவாக மாற்ற ஏர் மாஸ் ஃபேக்டர் என்ற எண்ணால் வகுக்கிறார்கள். அந்த எண்ணுக்கு, வாயு எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கும் என்ற முன்னனுமானம் தேவை. அது டிஎம்5 என்ற உலக மாடலிலிருந்து வருகிறது, அதன் கட்டம் 1 டிகிரி, அதாவது சுமார் 110 கிலோமீட்டர். 5 கிலோமீட்டர் பிக்சலுக்குள் 110 கிலோமீட்டர் அனுமானம் உட்கார்ந்திருக்கிறது.

விளைவு என்ன? மாடலின் ஒரே கட்டத்தில் நகரமும் பாலைவனமும் கலந்துவிடுகின்றன, தரைக்கு அருகில் உண்மையில் உள்ளதைவிடக் குறைவான மாசு இருப்பதாக அது நினைக்கிறது. செயற்கைக்கோளுக்குத் தரையோரப் பார்வை மங்கல், மேலே போகப்போகத் தெளிவு. வாயு மேலே இருப்பதாக நினைத்தால் "எனக்கு நன்றாகத் தெரிகிறது" என்று பெரிய எண்ணால் வகுத்துவிடுகிறது, விடை சிறியதாகிவிடுகிறது. நகர மையத்தில் குறைத்துச் சொல்வதால் வரைபடத்தின் உச்சிகள் மழுங்குகின்றன. இந்த மழுங்கல் பிக்சலின் குற்றம் அல்ல, எவ்வளவு ஓவர்சாம்ப்ளிங் செய்தாலும் போகாது. ஆரம்பப் பதிப்புகளை நிலத்திலிருந்து அளக்கும் மேக்ஸ்-டோஆஸ் கருவிகளோடு ஒப்பிட்டபோது, மாசு மிகுந்த இடங்களில் ஏறக்குறைய பாதி வரை குறைவாக இருந்தது.

சரி, திருத்த முடியுமா? முடியும். நுண்மையான வட்டார மாடலின் உயர விவரம் உங்களிடம் இருந்தால் முன்னனுமானத்தை மாற்றிப் போடலாம். ஒவ்வொரு அடுக்கிலும் மாடல் சொல்லும் அளவைக் கெர்னலால் பெருக்கிக் கூட்டுங்கள், கெர்னல் இல்லாமலும் ஒரு கூட்டல் போடுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்து, வந்ததைப் பழைய தூண் அளவோடு பெருக்கினால் புதிய மதிப்பு. ஒரு எச்சரிக்கை: கோப்பில் உள்ள கெர்னல் முழு வளிமண்டலத்துக்கானது. ட்ரோபோஸ்பியருக்கு மாற்ற, மொத்த ஏர் மாஸ் ஃபேக்டரை ட்ரோபோஸ்பியர் ஏர் மாஸ் ஃபேக்டரால் வகுத்து அதனால் பெருக்க வேண்டும், ட்ரோபோஸ்பியரின் மேல் எல்லையான ட்ரோபோபாஸுக்கு மேலே சுழியம் போட வேண்டும். இதை மறந்துவிட்டு வாரக்கணக்கில் தலையை உடைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

வட்டார மாடல் இல்லை என்றால், எண்ணை அப்படியே வைத்து, குறைத்துச் சொல்லும் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஒரே இடத்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒப்பிடும்போது இந்தச் சாய்வில் பெரும்பகுதி இரு பக்கமும் சமமாக இருந்து விகிதத்தில் அடிபட்டுப்போகும். மொத்த உமிழ்வை டன் கணக்கில் சொல்லும்போது அடிபடாது.

நிலத்தோடு ஒப்பிடுவது பற்றி

முடிந்தால் பண்டோரா அல்லது மேக்ஸ்-டோஆஸ் கருவியோடு ஒப்பிடுங்கள், அவையும் தூண் அளவைத்தான் அளக்கின்றன. தெருவோரக் கண்காணிப்பு நிலையம் தருவது மூக்கு உயரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு, இரண்டும் நேராக ஒன்றுக்கொன்று மாறாது. அந்த நிலையங்களில் மாலிப்டினம் மாற்றி உள்ள கருவிகள் நைட்ரிக் அமிலம் போன்ற வேறு சேர்மங்களையும் நைட்ரஜன் டையாக்சைடாக எண்ணிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும், ஒப்பிடும் தராசிலும் புளி இருக்கலாம். தவிர, ஒரு புள்ளியில் உள்ள கருவி 19 சதுர கிலோமீட்டருக்குப் பிரதிநிதி ஆகாது.

வேறு கருவி தேவையா?

சில கேள்விகளுக்கு ட்ரோபோமியில் எவ்வளவு உழைத்தாலும் விடை வராது. வளிமண்டலத்தின் வெப்பநிலையை அளக்கும் ஏர்ஸ் கருவியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2002 மே மாதம் அக்வா செயற்கைக்கோளில் போனது, அதன் ஒரு பார்வை 13.5 கிலோமீட்டர். ஆனால் வெப்பநிலை விவரத்தைத் தருவது சுமார் 45 கிலோமீட்டருக்கு. ஒன்பது பார்வைகளை ஒன்றாகச் சேர்த்து, அவற்றுக்கிடையே மேக அளவு மாறுவதை வைத்தே மேகத்தின் தாக்கத்தைக் கழிக்கிறார்கள். கிலோமீட்டருக்கு ஒரு அடுக்காக 1 கெல்வின் துல்லியம் என்பது இலக்கு, அதற்காகக் கூர்மையை மூன்றில் ஒன்றாக மனமறிந்து விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. ஜிபிஎஸ் சிக்னல் வளிமண்டலத்தைக் கடக்கும்போது வளைவதை அளக்கும் ஜிபிஎஸ் மறைவு முறை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது, உயரவாக்கில் சில நூறு மீட்டர் வரை பிரித்துப் பார்க்கும், கிடைமட்டத்தில் ஒரே அளவீடு இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கும்.

ட்ரோபோமி மீத்தேனையும் அளக்கிறது, அதில் இந்தப் பேரம் இன்னும் கூர்மையானது. சென்டினல்-2 செயற்கைக்கோள் 20 மீட்டர் பிக்சலில் ஒரு எரிவாயுக் குழாயின் பெரிய கசிவைக் காட்டிவிடும், ஆனால் அதன் அலைநீளப் பட்டைகள் மிக அகலம், சிறு கசிவுகள் அதற்குத் தெரியாது. ட்ரோபோமி மெல்லிய மாற்றத்தையும் உணரும், எந்த எரிவாயுக் கிணறு என்று விரலால் சுட்ட முடியாது. ஆகவே முதலில் ட்ரோபோமியில் வட்டாரத்தைக் கண்டுபிடித்து, அப்புறம் சென்டினல்-2-இல் இடத்தைத் தேடுகிறார்கள்.

படி 6: படத்துக்குக் கீழே எழுத வேண்டியவை

படத்தின் நிறங்களை மென்மையாக்கும் இடைச்செருகலை (கட்டங்களுக்கு இடையே மதிப்பை ஊகித்து நிரப்புவதை) அணைத்துவிடுங்கள். கட்டங்கள் கட்டங்களாகவே தெரியட்டும், பார்ப்பவருக்கு உங்கள் தரவின் உண்மையான கூர்மை புரியும். பிறகு குறிப்பை எழுதுங்கள். ரியாத்துக்கு நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ட்ரோபோமி ட்ரோபோஸ்பியர் நைட்ரஜன் டையாக்சைடு, மறுசெயலாக்கம் செய்த தரவு, மூன்று ஆண்டுகளின் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, பிற்பகல் சுமார் 1.30 மணி, க்யூஏ 0.75-க்கு மேல். கருவியின் பிக்சல் 5.5 × 3.5 கிலோமீட்டர், வரைபடக் கட்டம் 5 கிலோமீட்டர், ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது 150 பார்வைகள். சராசரியின் சிதறல் சதுர மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோமோல். முன்னனுமானம் 1 டிகிரி மாடலிலிருந்து, மாற்றப்படவில்லை. நகர மையத்தின் மதிப்புகள் உண்மையைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்."